ஒட்டுப் போட்ட வைரஸ்

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று ஏரியையொட்டிய மீனவர் ஊர்களில் விரித்துப் போட்டிருக்கும் வலை ஒன்றை நிதானமாகப் பார்த்தால், ஒட்டுப் போட்ட இடங்கள் தெரியும். நண்டு அறுத்த இடத்திலும் கெளுத்தி முள் கிழித்த இடத்திலும் பழைய வலையொன்றிலிருந்து வெட்டிய துண்டை வைத்து நூலால் சேர்த்திருப்பார்கள். இறால் வலைக்குள் மீன் வலைத் துண்டு விழுந்திருந்தால் கண்ணின் அளவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே கண், ஒரே நூல், ஒரே சாயம் என்றால், ஒட்டுப் போட்டவரே விரலால் தடவிப் பார்த்துத்தான் இடத்தைச் சொல்ல வேண்டும்.

ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணுத்தொகுதியில் மறுசேர்க்கையைத் தேடுபவர்கள் செய்வதும் இதைத்தான். ஒரு வைரஸின் மரபெழுத்து வரிசை பாதி தூரம்வரை ஒரு வம்சத்தைப் போலவும் மீதி தூரம் இன்னொரு வம்சத்தைப் போலவும் இருந்தால், நடுவில் எங்கோ ஒட்டு விழுந்திருக்கிறது. எங்கே, எப்போது, யாரால்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஒட்டுப் போட்டது வைரஸா, ஆய்வுக்கூடமா என்று பார்க்காமலே "புதிய வகை" என்று அறிவித்துவிடும் அவசரம் இந்தத் துறையில் கொஞ்சம் அதிகம்.

வைரஸ் மிகச் சிறியது. ஏறத்தாழ 3,200 எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ வட்டம். அதிலும் ஒரு பகுதி இரட்டை இழை, மீதி ஒற்றை இழை. இந்தக் குறுகிய இடத்தில் நான்கு மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. மேற்பரப்புப் புரதத்துக்கான எஸ் மரபணு முழுவதும் பாலிமரேஸ் மரபணுவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதே எழுத்துகளை ஒரு எழுத்து தள்ளி வாசித்தால் இன்னொரு புரதம். ஆகவே ஓர் எழுத்து மாறினால் இரண்டு புரதங்கள் பாதிக்கப்படலாம். சில பகுதிகள் எந்த வம்சத்திலும் ஏறக்குறைய மாறாமலே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டைத் தேடுபவருக்கு முதல் தலைவலி அங்கேதான்.

1988இல் ஜப்பானின் ஒகமோட்டோவும் குழுவினரும் முழு வரிசையில் 8 சதவீதத்துக்குமேல் வேறுபட்டால் தனி மரபுவகை என்று ஒரு கோடு போட்டார்கள். அப்போது ஏ, பி, சி, டி என நான்கு. இன்று ஜே வரை பத்து. 4 சதவீதத்துக்குமேல் வேறுபட்டால் உள்வகை. நீளத்திலும் வேறுபாடு உண்டு: ஏ வகை 3,221 எழுத்து, பியும் சியும் 3,215, டி 3,182. டி வகையில் மேற்பரப்புப் புரதத்தின் தலைப்பகுதியில் 33 எழுத்துகள் இல்லை. அந்த விடுபாடு நல்ல அடையாளம். ஏ போலத் தோன்றும் வரிசையில் அந்த 33 எழுத்து காணாமல் போயிருந்தால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இரண்டு மரபுவகைகள் கலந்த வரிசைகள் இருப்பதை 1996இல் ஆக்ஸ்ஃபோர்டின் பொல்லிக்கி, ராம்பாட், ஹார்வி, ஹோம்ஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். அதற்கு முன்பே பலர் சேர்த்து வைத்திருந்த வரிசைகளையே மறுபடி வாசித்துத்தான் அவர்கள் இதைக் கண்டார்கள். புதிய ரத்தம் எடுக்கவில்லை. பழைய எழுத்துகளைப் புதிய கேள்வியோடு படித்தார்கள். 2002இல் சுகௌச்சி குழு காட்டியது இன்னும் சங்கடமானது. ஜப்பானில் உள்ள பி வகை தூய பி; ஆசியாவின் மற்றப் பகுதிகளில் பரவலாக உள்ள பி வகையோ தன் உள்ளுறைப் புரதத்துக்கான பகுதியில் சி வகையின் துண்டைச் சுமக்கிறது. அதாவது அதுவரை "இதுதான் பி" என்று அளவுகோலாக வைத்திருந்த பல வரிசைகளே ஒட்டுப் போட்டவை. அளவுகோல் வளைந்திருந்தால் அளவு எப்படி நேராக வரும்?

2018இல் மூலமன் குழு பழைய எலும்புகளிலிருந்து பன்னிரண்டு வைரஸ் மரபணுத்தொகுதிகளை மீட்டது. அவற்றில் பழையவை 4,500 ஆண்டுகளுக்கு முந்தியவை. இன்று மரபுவகை ஏ என்று நாம் அழைப்பதே பழங்கால மறுசேர்க்கை ஒன்றிலிருந்து பிறந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. 2021இல் கோஷரும் கூட்டாளிகளும் 10,500 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகும் 137 தொகுதிகளை வெளியிட்டார்கள். தூய வம்சம் என்று எதையாவது சுட்டிக்காட்டுவது மனிதர்களிடம் எவ்வளவு கடினமோ வைரஸிடமும் அவ்வளவு கடினம்.

இந்த வைரஸ் எப்படி மறுசேர்க்கை செய்கிறது என்பதே யோசிக்க வைக்கும் விஷயம். எச்ஐவியும் இதைப்போல ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் வைரஸ்தான். ஆனால் அதன் ஒவ்வொரு உறையிலும் இரண்டு ஆர்என்ஏ பிரதிகள் இருக்கும். எழுதும் நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். ஹெபடைடிஸ் பி உறைக்குள் பொதுவாக ஒரே ஒரு பிரதி. தாவ இடமில்லை. ஆகவே செல்லின் உட்கருவில், வட்டமாக மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் வைரஸ் டிஎன்ஏக்கள் அருகருகே இருக்கும்போது செல்லின் சொந்தப் பழுதுபார்க்கும் இயந்திரமே அவற்றை வெட்டி ஒட்டிவிடுகிறது என்ற விளக்கத்துக்கு வலு அதிகம். எந்த வழியானாலும் ஒரு நிபந்தனை தப்பாது: ஒரே ஆளின், ஒரே கல்லீரலின், ஒரே செல்லுக்குள் இரண்டு வகைகளும் சந்தித்திருக்க வேண்டும்.

தேடும் முறைக்கு வருவோம். மிகப் பழகிய வழி, சன்னல் ஒன்றை வரிசையின்மேல் நகர்த்துவது. 300 எழுத்து அகலம். 20 எழுத்து நகர்வு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நம் வரிசை எந்த வகையோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று கோடு வரைவது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒட்டு. இந்த வேலையைச் செய்யும் சிம்ப்ளாட் மென்பொருளை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறவர்கள் மேற்கோள் காட்டும் கட்டுரை இந்திய ரத்தத்தைப் பற்றியது: 1999இல் கவிதா லோலே முதலானோர் இந்தியாவின் எச்ஐவி சி வகைத் தொகுதிகளை முழுநீளத்தில் படித்து, அவற்றுள் ஒன்றில் மறுசேர்க்கைச் சான்றையும் காட்டிய கட்டுரை. புணேயின் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஸ்டூவர்ட் ரேயும் அதில் இருந்தார்கள். மென்பொருளை எழுதியவர் ரே.

சன்னலுக்குள் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மரபுவகைகள் 8 சதவீதம் வேறுபட்டால் 300 எழுத்தில் 24 இடங்கள். அது சராசரி, மாறாத பகுதியில் அதில் பாதிகூட இருக்காது. உள்வகைகளுக்கு 4 சதவீதம், அதாவது 12 இடங்கள். டி1க்கும் டி2க்கும் இடையில் ஒட்டு விழுந்திருந்தால் அந்தப் பன்னிரண்டில் இரண்டு மூன்று தற்செயலாக மாறியிருந்தாலே கோடு ஆடிவிடும். வலைக்காரரின் விரலுக்கும் கடினமான இடம் இதுதான். சன்னலை அகலமாக்கினால் சிறிய துண்டு தப்பிவிடும். குறுக்கினால் தற்செயல் எல்லாம் ஒட்டாகத் தெரியும். இதற்குத் தப்பும் மென்பொருள் எதுவும் இல்லை.

ஆர்டிபி என்ற தொகுப்பு வேறு வழி போகிறது. தென்னாப்பிரிக்காவில் டேரன் மார்ட்டினும் எட் ரிபிக்கியும் 2000இல் தொடங்கியது. வரிசைகளை மும்மூன்றாக எடுத்து, ஒன்று மற்ற இரண்டின் கலவையா என்று எல்லாச் சேர்க்கைகளிலும் சோதிக்கிறது. ஜீன்கன்வ், மேக்ஸ்கை, 3செக் எனப் பல முறைகளை ஒரே இடத்தில் ஓட்டுகிறது. நூறு வரிசை கொடுத்தால் 1,61,700 மும்மைகள். இருபதில் ஒன்று தற்செயல் என்ற வழக்கமான அளவை வைத்தால் எட்டாயிரம் பொய் ஒட்டுகள் கிடைக்கும். ஆகவே அளவைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு கோடியில் மூன்று என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அந்தக் கடுமையில் பெரிய ஒட்டுகள் நிற்கும், சிறியவை சரிந்துவிடும். மூன்று நான்கு முறைகள் ஒத்துச் சொன்னால் மட்டுமே ஏற்பது என்று பலர் வைத்திருக்கும் விதி நியாயமானதுதான். ஆனால் அந்த முறைகளெல்லாம் ஒரே வரிசையைத்தான் பார்க்கின்றன. வரிசையே பொய்யானால் நான்கு சாட்சிகளும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்.

இன்னொரு கண்ணி வைரஸின் வட்ட வடிவில் இருக்கிறது. வட்டத்தை ஓரிடத்தில் நறுக்கி நேர்கோடாக்கித்தான் எழுத்துகளை எண்ணுகிறோம். ஈகோஆர்1 என்ற நொதி வெட்டும் இடம் 1ஆம் எழுத்து. திபெத்தில் பரவலாக உள்ள சி-டி கலப்பு வைரஸில் டி துண்டின் ஒரு விளிம்பு 10ஆம் எழுத்தையொட்டி விழுகிறது. நாமே கத்தி வைத்த இடத்துக்கு இவ்வளவு அருகில் ஒட்டு என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஒருவருக்கொருவர் உறவில்லாத ஏராளமான ஆட்களில், வேறுவேறு குழுக்கள் எடுத்த மாதிரிகளில், அதே இடத்தில் அதே ஒட்டு திரும்பத் திரும்ப வந்தது. ஆய்வுக்கூடப் பிழை இப்படி ஊர் ஊராகப் பரவாது.

என்னைப் பொறுத்தவரை இதுதான் கடைசிச் சோதனை: இன்னொரு கூடத்தில், இன்னொரு ஆளில், அதே ஒட்டு. இந்த நோயின் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலிருந்து எஸ்.பி. தியாகராஜனும், இந்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டறிந்த புளூம்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து அந்தப் புரதம் மறைந்தது. பொய்மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. வேறு நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது நம் ஊர்களில் இன்றும் நிற்கவில்லை என்பது வேறு கதை.

இந்தியாவில் கிடைத்த ஒட்டுகளைப் பார்ப்போம். இங்கே டி வகையும் ஏ வகையும் பரவலானவை. கிழக்கே சியும் சேர்கிறது. 2008இல் டெல்லியில் எஸ்.கே. சரின் குழு நாள்பட்ட நோயாளிகளிடமிருந்து ஏ-டி கலப்பு வைரஸ்களை விவரித்தது. 2013இல் கொல்கத்தாவை மையமாகக் கொண்ட குழு டி9 என்ற புதிய உள்வகையை அறிவித்தது. அது டியும் சியும் கலந்தது. ஆப்பிரிக்காவின் நைஜரில் கிடைத்த டி8உம் அப்படியே டி-இ கலப்பு. இவற்றுக்கு வரிசை எண் கொடுத்து உள்வகை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 4 சதவீத வேறுபாடு படிப்படியாகச் சேர்ந்ததா, வேறு வகையின் துண்டு உள்ளே வந்ததால் ஒரே நாளில் சேர்ந்ததா என்பது பெரிய வித்தியாசம். கலப்பு என்றால் கலப்பு என்று பெயர் வைப்பதே நேர்மை.

எனக்கு மிகவும் பிடித்த இந்திய ஆய்வு புணே தேசிய வைராலஜி நிறுவனத்தின் வித்யா அரங்கல்லே குழுவுடையது. ஏ, சி, ஜி கலந்தது போலத் தோன்றும் வைரஸ் ஒன்று வியட்நாமிலும் லாவோஸிலும் கிடைத்து, 2008இல் அதற்கு ஐ என்று தனி மரபுவகை எழுத்தே முன்மொழிந்தார்கள். தனி வகையா வெறும் கலப்பா என்று அப்போதே சண்டை. 2010இல் அரங்கல்லே குழு அதே வகையைக் கிழக்கிந்தியப் பழங்குடி ஒன்றில் கண்டது. பிறகு நிறுவனத்தின் உறைபெட்டியில் கிடந்த, 1960களின் தொடக்கத்தில் அருணாச்சலப் பழங்குடிகளிடம் எடுத்த ரத்தநீரைத் திறந்தார்கள். அதிலும் அதே வைரஸ்! ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்ற பெயரில் இந்த வைரஸின் முதல் தடயம் 1965இல்தான் அறிவிக்கப்பட்டது. வைரஸ் இன்னதென்று யாருக்கும் தெரியாத காலத்து ரத்தம், அரை நூற்றாண்டுக்குப் பிறகு சாட்சி சொன்னது. வியட்நாம் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கலப்பு அல்ல இது என்று அதற்குமேல் நிரூபிக்கத் தேவையில்லை.

இப்போது பொய் ஒட்டு எப்படி விழுகிறது என்று பார்ப்போம். ஒரே ஆளிடம் ஏ, டி இரண்டும் இருக்கின்றன என்று வையுங்கள். அவை கலக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. 3,200 எழுத்தை ஒரே மூச்சில் பெருக்குவது கடினம் என்பதால் ஆய்வுக்கூடம் மூன்று நான்கு துண்டாகப் பிசிஆரில் பெருக்குகிறது. முதல் துண்டின் தொடக்கிகள் ஏ வகையோடு நன்றாகப் பொருந்துகின்றன; மூன்றாம் துண்டினுடையவை டியோடு. பிறகு கணிப்பொறியில் துண்டுகளை ஒட்டினால், உலகில் எங்குமே இல்லாத ஏ-டி கலப்பு பிறந்துவிட்டது. துண்டுகளின் எல்லையிலேயே ஒட்டு விழுந்திருந்தால் இதுதான் காரணம் என்று முதலில் நினைக்க வேண்டும். இன்னொரு வழி குழாய்க்குள்ளேயே நடப்பது. பிசிஆர் சுற்றொன்றில் முடியாமல் அறுந்த ஏ இழை, அடுத்த சுற்றில் டி இழைமேல் போய் ஒட்டிக்கொண்டு நீள்கிறது. இதில் எல்லை எங்கும் இருக்கலாம்.

மருந்தும் தெரிந்ததுதான். மாதிரியை நீர்த்துக்கொண்டே போய் ஒரு குழாயில் ஒரே மூலக்கூறு மட்டும் இருக்கும்படி செய்து பெருக்கலாம். முழு வட்டத்தையும் ஒரே துண்டாகப் பெருக்கலாம். அதற்கான முறையை 1995இலேயே குந்தர் குழு கொடுத்துவிட்டது. இப்போது நானோபோர் கருவியில் ஒரே மூலக்கூறின் முழு நீளத்தையும் தொடர்ந்து வாசிக்க முடிகிறது. ஒரே இழையில் ஒட்டின் இரு பக்கமும் தெரிந்தால் வாதம் முடிந்தது. ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக உள்ளவர்களிடம்தான் இது தடுமாறும். வைரஸ் ஏராளமாகப் பெருகும் கட்டத்தின் அடையாளமான இ ஆன்டிஜென் மறைந்துபோன டி வகை நோயாளிகள் பலர் அந்த ரகம்தான். முழு நீளம் வராது, துண்டு வரும், துண்டை ஒட்டும் ஆசையும் வரும்.

தமிழ்நாட்டில் 2005இல் வெளியான சமூக அளவிலான கணக்கெடுப்பு 5.7 சதவீதம் பேரிடம் வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டது. எந்த வகை என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பெருமாள் விவேகானந்தன், பிரியா ஆபிரகாம் முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு நல்ல தொடக்கம்: டி முதலிடம், ஏ அடுத்து, சியும் உண்டு. ஆனால் அந்த மாதிரிகள் ரத்ததானம் செய்தவர்களுடையவை, மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளுடையவை. ஒட்டைத் தேட அதைவிட நல்ல இடம், பல வழிகள் சந்திக்கும் கடலோர ஊர்.

பழவேற்காடு அப்படிப்பட்ட ஊர். டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை 1613இல் எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். துணி போனது, பஞ்சக் காலத்தில் ஆட்களும் அடிமைகளாகக் கப்பலேறி, இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவுக்குப் போனார்கள். அந்தக் கரைகளில் இன்று பி, சி வகைகள். நம் பக்கம் ஏ, டி. ஏ1 உள்வகை இந்தியாவிலும் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவிலும் இருப்பதை இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அரபு வழி சொல்லும் லெப்பைக் குடும்பங்கள், பட்டினவர் குப்பங்கள், ஏரிக்குள் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் எல்லாரும் சில மைல்களுக்குள். ஆனாலும் ஒட்டு ஒன்று கிடைத்தவுடன் அதை டச்சுக் கப்பலில் ஏற்றிவிடக் கூடாது. இந்த வைரஸ் எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. நானூறு ஆண்டா நாலாயிரமா என்று எழுத்து மட்டும் சொல்லாது.

நடைமுறையில் இரண்டு வகைகள் ஓர் உடலில் சந்திப்பதற்குக் கப்பலும் தேவையில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்குகிறது. பெரியவர்களில் இருபதில் ஒருவருக்குக்கூட இல்லை. இளமையில் ஒரு வகை தங்கிய உடலுக்குள், கொதிக்க வைக்காத ஊசியோ கூட்டாகப் பயன்படுத்திய சவரக்கத்தியோ இரண்டாவதைக் கொண்டுவரலாம். உலர்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் குறைந்தது ஒரு வாரமாவது உயிர்ப்போடு இருக்கும். 2009இல் குஜராத்தின் மோடாசாவில் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஊசிகள் வழியே இந்த வைரஸ் பரவிப் பலரைச் சாய்த்தது.

ஏரிக்கரையில் இதைப் படிக்க விரும்புபவருக்குக் குளிர்பெட்டி கட்டாயமில்லை. விரல்நுனி ரத்தத்தை வடிதாளில் சொட்டி, நிழலில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டுச் சென்னைக்கு அனுப்பலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து விளக்கிச் சம்மதம் பெறாமல் மட்டும் தொடங்கக் கூடாது. கட்டுரையில் குப்பத்தின் பெயரைப் போடக் கூடாது என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். "புதிய வைரஸ் கிடைத்த ஊர்" என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்தால் அந்த ஊர் இறாலுக்கு மறுநாள் என்ன விலை கிடைக்கும், அந்த ஊர்ப் பெண்ணைக் கேட்டு யார் வருவார்கள் என்பதை ஆய்வாளர் யோசிக்க மாட்டார்; ஊரார் யோசிப்பார்கள்.

நோயாளிக்கு இதனால் என்ன? மருந்தில் பெரிய மாற்றமில்லை. டெனோஃபோவிரும் என்டெகாவிரும் எல்லா மரபுவகைக்கும் வேலை செய்கின்றன, தடுப்பூசியும் அப்படியே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை மரபெழுத்து அல்ல, முதல் ரத்தப் பரிசோதனை. இந்த நோயும் அடங்கிய, ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் வந்தது; பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் ஊசி அதற்கும் முந்தியது, முக்கியமானது.

வித்தியாசம் வருவது இன்டர்ஃபெரான் சிகிச்சையில். ஏ வகைக்கு அது நன்றாகவும் டி வகைக்குக் குறைவாகவும் பலிக்கிறது. மரபுவகைச் சோதனையில் பெரும்பாலும் வாசிப்பது எஸ் மரபணுவை மட்டும். திபெத்தின் கலப்பு வைரஸை அப்படி வாசித்தால் டி என்று வரும். வைரஸ் உடலின் பெரும்பகுதியோ சி. ஆசியப் பி வகையை வாசித்தால் பி என்று வரும்; உள்ளுறையில் சி இருப்பது தெரியாது. நூறு எஸ் வரிசைகளை வைத்து ஒரு மாவட்டத்தின் வரைபடத்தை வரைபவருக்கும் இதே குருட்டுத்தனம்தான். எல்லாருக்கும் முழுத்தொகுதி படிப்பது இப்போதைக்கு ஆகாத காரியம். ஆனால் "மரபுவகை: டி" என்று அச்சடிக்கும் இடத்தில் "எஸ் பகுதியின்படி டி" என்று அச்சடிக்க எந்த ஆய்வுக்கூடத்துக்கும் செலவில்லை.